நிதானனுக்குக் குரல் கொடுத்தவர்

எங்கள் டப்பிங் தியேட்டரில் அவரை எல்லோரும் கால்குலேட்டர் என்றுதான் கூப்பிடுவோம். முகத்துக்கு நேராகவே. அவர் கோபித்துக்கொண்டதில்லை. "கால்குலேட்டர் தப்பாச் சொல்லாதுல்ல, அப்புறம் என்ன?" என்பார். ஒரு மின்விசிறி வாங்க, தாளின் நடுவில் கோடு கிழித்து, வாங்கலாம் என்பதற்கு ஒரு பக்கம், வேண்டாம் என்பதற்கு ஒரு பக்கம் என்று காரணங்களை எழுதிக்கொண்டு, மூன்று வாரம் வியர்வையில் ஊறியபடி யோசித்தவர். அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. "பாத்தியா, வாங்காததுதான் சரி" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இங்கே வருவதற்கு முன்பு அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். பழுது காரணமாகக் கடைசிப் பேருந்து இயங்காது என்று அவர் ஒருநாள் மைக்கில் சொல்ல, முந்நூறு பேர் கீழே நின்று அவருடைய குலத்தையே திட்டியிருக்கிறார்கள். குரலில் ஒரு சுருக்கமும் விழவில்லை. அதே வாக்கியத்தை அதே சீரில் இரண்டாம் முறையும் சொன்னார். அந்தக் கூட்டத்தில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தவர் எங்கள் தியேட்டர் முதலாளி. அவர் தேடிக்கொண்டிருந்த குரல் அதுதான்.

அந்தக் குரல் ஒரு வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடருக்குத் தேவைப்பட்டது. அதிசய சக்தி படைத்தவர்கள் ஊரைக் காப்பாற்றும் வகைத் தொடர். அதில் வருகிற நாயகனுக்கு எங்கள் மொழியில் நிதானன் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த சில நொடிகளில் என்ன நடக்கும் என்பதை அவனால் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும். ஆனால் இதயத் துடிப்பு அறுபதைத் தாண்டக் கூடாது. கோபமோ பாசமோ வந்து நெஞ்சு படபடத்தால் சக்தி போய்விடும். அதனால் அவன் யார் மேலும் ஆசை வைக்காமல் வாழ்கிறவன். அவனோடு சேர்ந்து போராடுகிறவள் சூறை. அவள் அப்படியே எதிர்ப்பக்கம். கோபப்பட்டால் காற்று கிளம்பும், கண் கலங்கினால் கூரை பறக்கும். வருடத்துக்கு ஒரு பருவம் என்று எட்டு பருவமாக இந்த இரண்டு பேரும் எதிரிகளோடு சண்டை போட்டதைவிடத் தங்களுக்குள் வாக்குவாதம் செய்ததுதான் அதிகம். மூளை சொல்வதைக் கேட்பதா, மனசு சொல்வதைக் கேட்பதா என்ற ஒரே வழக்கு, வாராவாரம் வாய்தா.

சூறைக்குக் குரல் கொடுத்தவர், கால்குலேட்டரின் மனைவி. தியேட்டர் முழுக்க அவர் அண்ணி. நான் வேலைக்குச் சேர்ந்தது ஐந்தாம் பருவத்தில். அதற்கு முன்பே அண்ணி வேறு ஊருக்குப் போய்விட்டார். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. அதனால் பழைய கதையெல்லாம் எங்கள் ஒலிப்பதிவாளர் சொல்லித்தான் தெரியும். அவருக்குத் தியேட்டரில் காது என்று பெயர். பக்கத்து அறையில் யாராவது பேனா மூடியைத் திறந்தால்கூட டேக்கை நிறுத்திவிடுவார்.

"அப்ப எல்லாம் ரெண்டு பேரும் ஒரே மைக்குல நின்னு பேசுவாங்கப்பா" என்று காது சொல்வார். "சண்டை சீன் வந்தா அண்ணி அண்ணனோட மணிக்கட்டைப் பிடிச்சுக் கிள்ளுவாங்க. கிள்ளினாத்தான் அவங்களுக்குக் கோபம் வருமாம். அண்ணன் அசைய மாட்டார். கை சிவந்து போயிருக்கும், குரல் பஸ் ஸ்டாண்டுலயே நிக்கும்."

"கல்யாணம் எப்படிப் பேசி முடிச்சாங்க?"

"அதுவா? டீ குடிக்கும்போது, நாம கல்யாணம் பண்ணிக்கிறதுல பத்து நன்மை இருக்கு, மூணு சிக்கல் இருக்குன்னாராம். அண்ணி, சிக்கலை மட்டும் சொல்லுங்கன்னாங்களாம். சொல்லியிருக்கார். மூணுமே அவர்தான்னு சிரிச்சுட்டுச் சரின்னுட்டாங்க."

நான்கு வருடம் முன்பு ஊரில் அண்ணியின் அப்பா பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். ஒரே மகள். அண்ணி போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை. கால்குலேட்டர் வழக்கம்போலத் தாளில் கோடு கிழித்தார். அந்த ஊரிலும் ஒரு ஒலிப்பதிவுக் கூடம் இருக்கிறது, சூறைக்கு அங்கிருந்தே பேசி அனுப்பலாம், இவருடைய வேலை இங்கே, அதனால் அண்ணி மட்டும் போவதுதான் சரி. கணக்கில் பிழையே இல்லை. பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு அண்ணி கேட்டாராம்: "நீங்க ஒண்ணும் சொல்லலையா?" இவர் சொன்னாராம்: "ஆறு மணி வண்டிக்குக் கூட்டம் கம்மி."

ஒரு வருடத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். காரியம் எல்லாம் முடிந்து ஒரு வாரத்துக்குப் பிறகு அண்ணி போன் செய்து, இனி என்ன செய்வது என்று கேட்டார். "உனக்கு எது வசதியோ அது" என்றார் இவர். கட்டாயப்படுத்தக் கூடாது, அவளாக முடிவெடுக்கட்டும் என்பது இவருடைய நியாயம். "பஸ் அறிவிப்பு கேக்கறதுக்கு நான் எதுக்குப் போன் பண்ணணும்?" என்று அண்ணி வைத்துவிட்டார். அதோடு பேச்சு நின்றது. சண்டை இல்லை, வழக்கு இல்லை. அவ்வப்போது செய்தி மட்டும் வரும், போகும். கேஸ் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, அடையாள அட்டை நகல் அனுப்பவும், அனுப்பிவிட்டேன். அவ்வளவுதான்.

ஆனால் வியாழக்கிழமை என்று ஒன்று இருந்தது.

எங்கள் வேலையில் இப்போது யாரும் சேர்ந்து நின்று பேசுவதில்லை. ஆளுக்கு ஒரு டிராக். முதலில் பேசியவரின் குரலை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அடுத்தவர் பதில் பேச வேண்டும். திங்களன்று அண்ணி அங்கே சூறையைப் பேசுவார். புதன்கிழமை ஃபைல் வரும். வியாழன் காலை பத்து மணிக்கு இவர் நிதானனைப் பேசுவார். பத்து மணிக்கு வர வேண்டியவர் ஒன்பதரைக்கே வந்து, "அந்த டிராக்கைக் கொஞ்சம் போடுப்பா, குறிப்பு எடுத்துக்கறேன்" என்பார். கையில் பேனா இருக்கும். ஒரு குறிப்பும் எடுத்து நான் பார்த்ததில்லை.

அது வெட்டிச் சுத்தம் செய்யாத டிராக். வசனத்துக்கு முன்னால் தொண்டையைச் செருமுவது, தாள் புரட்டுவது, யாரிடமோ தண்ணீர் கேட்பது எல்லாம் அதில் இருக்கும். காது அதையெல்லாம் தாண்டிவிட்டு வசனத்துக்குப் போனால், இவர் விரலைத் தூக்குவார். "முதல்ல இருந்து போடு. மூட் தெரியணும்ல."

ஒரு வியாழன் அண்ணி மூன்று முறை இருமினார். மதியம் இவர் செய்தி அனுப்பினார்: டாக்டரைப் பார். உடனே பதில் வந்தது: எதற்கு? இவர் நெடுநேரம் யோசித்து அனுப்பினார்: பொதுவாக.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்துதான் அந்த டிராக்குகளில் ஒரு மாற்றம். வசனம் தொடங்கும் முன் அண்ணி ஏதாவது சொல்வார். "இங்க மழை." "இன்னிக்கு நடந்தே வந்தேன்." "பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கு, நாலு." பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு சூறையாக மாறிக் கத்த ஆரம்பித்துவிடுவார்.

காது ஒருநாள் கேட்டே விட்டார். "அண்ணே, மழைன்னு அண்ணி யார்கிட்ட சொல்றாங்க?"

"அங்க இருக்கற ரெக்கார்டிஸ்ட் கிட்ட."

"அவனும் அதே ஊர்லதானே இருக்கான்? மழை பெய்யுதுன்னு அவனுக்குத் தெரியாதா?"

கால்குலேட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெக்கார்டிங் ரூம்ல ஜன்னல் கிடையாது" என்றார். அவருடைய தர்க்கத்தை யாரும் உடைக்க முடியாது.

என் வேலை வசனம் எழுதுவது. மொழிபெயர்ப்பு என்றால் அது பாதி உண்மைதான். திரையில் உதடு மூடுகிற இடத்தில் பகரமோ மகரமோ விழ வேண்டும், வாய் திறக்கிற இடத்தில் ஆகாரம். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று மூன்று வருடம் கல்லூரியில் படித்தது ஒரு நாளும் வீண்போகவில்லை. ஊரில் அப்பா, "பையன் டிவிக்கு எழுதறான்" என்று சொல்லி வைத்திருக்கிறார். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. எனக்கு இந்த வேலையில் பிடித்தது முதுகு ஷாட். நடிகர் திரும்பி நின்றுவிட்டால் உதடு தெரியாது. அங்கே எதை வேண்டுமானாலும் நுழைக்கலாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

இந்த எட்டாம் பருவத்தோடு தொடர் முடிகிறது என்று சேனலிலிருந்து கடிதம் வந்தபோது, மிச்சம் ஆறு பகுதிகள் இருந்தன. முதலாளி கடிதத்தைப் படித்துக் காட்டினார். மற்றவர்கள் அடுத்து என்ன தொடர் வரும் என்று பேச ஆரம்பித்தார்கள். கால்குலேட்டர் சுவரில் இருந்த நாள்காட்டியிடம் போய் நின்று, வியாழக்கிழமைகளை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். ஆறாவதில் விரல் நின்றது. அதற்கு அப்புறம் அண்ணியின் குரல் அவருக்கு எங்கேயும் கிடைக்காது. எங்கள் எல்லோருக்கும் அது தெரிந்தது.

டீக்கடையில் நான்தான் மெல்ல ஆரம்பித்தேன். "அண்ணே, ஒரு போன் போட்டு வரச் சொல்லுங்களேன்."

"அவளுக்கு அங்க வேலை இருக்கு, சொந்த வீடு இருக்கு. இங்க வாடகை வீடு. என்ன காரணம் சொல்லி வரச் சொல்றது?"

"காரணமே சொல்லாம கூப்பிட்டா என்ன?"

"அது எப்படிப்பா? படிச்சவன் பேசற பேச்சா இது?"

காது டம்ளரை வைத்தார். "நிதானனே தேவலாம்ணே. அவனுக்கு அறுபது தாண்டினா சக்தி போயிடும், அதனால பயப்படறான். உங்களுக்கு என்ன போயிடும்?"

அவர் டீயை, ஆறி ஏடு கட்டும் வரை கையிலேயே வைத்திருந்தார்.

கடைசிப் பகுதி வந்தது. ஊருக்கு மேலே ஒரு அணை உடைகிறது. சூறை போய் உள்ளிருந்து காற்றால் தண்ணீரைத் தடுத்தால் ஊர் பிழைக்கும், அவள் திரும்ப மாட்டாள். நிதானன் கணக்குப் போட்டுப் பார்க்கிறான், எப்படிப் போட்டாலும் அதே விடை. "நீ போறதுதான் சரி" என்கிறான். அவள் நடக்கிறாள். அவன் திரும்பி நின்றுகொள்கிறான். பதினோரு நொடி முதுகு ஷாட். மூலத்தில் அங்கே ஒரு நீண்ட மூச்சு மட்டும்தான். அதற்கு அவள் திரும்பாமலே, "தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். நானும் தாளில் மூச்சு என்று மட்டும் எழுதினேன்.

அந்த வாரம் அண்ணி ஊரின் கூடத்தில் மராமத்து வேலை. அதனால் முறை தலைகீழானது. எட்டு பருவத்தில் முதல் தடவையாக இவர் முதலில் பேச வேண்டும், அதைக் கேட்டு அண்ணி பதில் பேசுவார். ஹெட்போனில் குரல் இல்லாமல் இவர் தடுமாறிப்போனார். சும்மா இருக்கிற தன் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றார்.

முதுகு ஷாட் வந்தது. முதல் டேக்கில் மூச்சு விட்டார். நன்றாக இருந்தது, காது அதைச் சேமித்தார். வழக்கப்படி பாதுகாப்புக்கு இன்னொரு டேக். திரையில் நிதானன் திரும்பி நின்றான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவரும் எங்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார்.

"நான் போட்ட கணக்கு சரிதான். சரியா இருந்து என்ன? இன்னமும் சாப்பாட்டுக்கு ரெண்டு தட்டுதான் எடுத்து வைக்கறேன், அப்புறம் ஒண்ணைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கறேன். வந்துடு, வாயாடி."

அந்தப் பெயரை நாங்கள் அதுவரை கேட்டதில்லை. பேருந்து நிலையக் குரல் இல்லை அது. அப்படி ஒரு குரல் அவரிடம் இருந்தது என்பதே எங்களுக்குத் தெரியாது. காது நிறுத்தும் பொத்தானைத் தொடவில்லை.

இவர் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "அதை அழிச்சுடு" என்றார்.

"சரிண்ணே."

வாசல் வரை போனார். ஒரு நிமிடம் நின்றார். திரும்பி வந்தார். செருப்புக் காலோடு அந்த அறைக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"சேனலுக்கு மூச்சு போகட்டும்" என்றார். "அவ கேட்டுப் பதில் பேசறதுக்குக் கைடா அனுப்பறதுல மட்டும் அது இருக்கட்டும்."

காது எழுந்து நின்றே, "சரிண்ணே" என்றார். அழிக்காமல் வைத்திருந்த இரண்டாவது டேக்கைத் தனி ஃபைலாகச் சேமித்தார்.

தப்பு அங்கேதான் நடந்தது. எங்கள் தியேட்டரில் கடைசியாகச் சேமிக்கும் ஃபைல் எதுவோ, அதுதான் இறுதி, அதுதான் சேனலுக்குப் போகும். பத்து வருடப் பழக்கம். வெளியூருக்குக் கைடு அனுப்புவது எங்களுக்குப் புதிது. காதின் கை பழக்கத்திலேயே வேலை செய்தது. பேச்சு இருந்த ஃபைல் சேனலுக்குப் போனது, மூச்சு மட்டும் இருந்தது அண்ணிக்குப் போனது. அது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

அடுத்த வாரம் அண்ணியின் டிராக் வந்தது. கால்குலேட்டர் எட்டரைக்கே வந்துவிட்டார். முதலிலிருந்து போடச் சொன்னார். மழை இல்லை, பூனை இல்லை, இருமல்கூட இல்லை. கூடம் புதுப்பித்த பிறகு அங்கே எல்லாவற்றையும் சுத்தம் செய்தே அனுப்புகிறார்களாம். மற்ற வசனங்கள் போயின. கடைசியில் அந்த ஒரு சொல்.

"தெரியும்."

"இன்னொரு தடவை போடு" என்றார். காது போட்டார். இன்னொரு தடவை. பிறகு இவர் ஹெட்போனைக் கழற்றி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி, கொக்கியில் மாட்டினார்.

"தெரியும்னு சொல்லிட்டா. தெரிஞ்சும் ஒரு செய்தி வரலை. அவ்வளவுதான்."

"அண்ணே, அது சீன்ல இருக்கற வசனம்ணே. நான் எழுதினது" என்றேன்.

"நீ எழுதினதுதான். சொன்னது அவ."

அதற்குப் பிறகு மூன்று வாரம். அவரை ஒரு கார்ட்டூன் கரடிக்குப் பேசப் போட்டிருந்தார்கள். நேரத்துக்கு வந்தார், பேசினார், போனார். வியாழக்கிழமைகளில் மட்டும் வேலை இல்லாவிட்டாலும் ஒன்பதரைக்கு வந்து, காலி அறையில் உட்கார்ந்திருந்துவிட்டு, பத்து மணிக்கு எழுந்து போவார். ஹெட்போனைத் தொட மாட்டார்.

கடைசிப் பகுதி ஒரு ஞாயிறு மாலை ஒளிபரப்பானது. முதலாளி எங்கள் எல்லோரையும் தியேட்டரிலேயே பெரிய திரையில் பார்க்க அழைத்திருந்தார். கால்குலேட்டர் வர மாட்டார் என்றுதான் நினைத்தோம். தேய்த்த சட்டையோடு வந்து ஓரமாக உட்கார்ந்தார்.

அணை உடைந்தது. சூறை நடந்தாள். நிதானன் திரும்பி நின்றான். "நான் போட்ட கணக்கு சரிதான்" என்று திரையிலிருந்து குரல் வந்தது.

"ஐயையோ" என்று காது எழுந்துவிட்டார்.

சேனலில் ஒலி கலந்தவர் அதை நான் எழுதியது என்றே நினைத்திருக்க வேண்டும். அடியில் மெல்லிசை வேறு சேர்த்திருந்தார். சரியா இருந்து என்ன. இரண்டு தட்டு. வந்துடு, வாயாடி. உடனே சூறையின் குரல், திரும்பாமல்: "தெரியும்."

யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் வரவில்லை.

காதுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, மாத்தி அனுப்பிட்டேன். அண்ணிக்குப் போனது வெறும் மூச்சுண்ணே. அவங்க கேக்கவே இல்ல."

கால்குலேட்டர் முகத்தில் கணக்கு ஓடுவது தெரிந்தது. கேட்கவில்லை என்றால், அந்தத் தெரியும் என்ற சொல் இவருக்குச் சொன்ன பதில் இல்லை. பதில் இல்லை என்றால்... அதற்குள் அவருடைய போன் அடித்தது. எண்ணைப் பார்த்தார், எடுக்கவில்லை. அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

"எடுங்கண்ணே, இல்லாட்டி நான் எடுப்பேன்" என்றார் காது.

எடுத்தார். அது ஒலி வெளியேறாத அறை, கொசு பறந்தால் கேட்கும். முதலாளி திரையின் சத்தத்தை அணைத்துவிட்டிருந்தார். அண்ணி பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. வெளியே போய்விட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் உட்கார்ந்தே இருந்தேன்.

"அது எழுதிக் குடுத்த டயலாக்கா?"

"இல்ல."

"முகம் தெரியாத இடத்துலதான் பேச்சு வருமா உங்களுக்கு?"

இவர் போனை மறு கைக்கு மாற்றினார்.

"ஊருக்கே சொல்லியாச்சு. எனக்கு வந்தது வெறும் மூச்சு."

"டிராக் மாறிப்போச்சு. நான் யோசிச்சுப் பாத்தப்ப..."

"யோசிச்சதை நாலு வருஷமா கேட்டாச்சு."

இவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"வா" என்றார்.

அண்ணி தாழ்ந்த குரலில் சொன்னார். "இங்க ஒத்துக்கிட்ட வேலை ரெண்டு மாசத்துக்கு இருக்கு. பாதியில விட்டுட்டு வர்றது நியாயமா?"

"நியாயம் இல்லதான்" என்றார் கால்குலேட்டர். "வா."

அண்ணி சிரித்தாரா, அழுதாரா என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. குரலைக் கேட்டே பிழைக்கிறவர்கள் நாங்கள்.

"நாளைக்குக் கூப்பிடறேன்" என்றார் அண்ணி.

"எத்தனை மணிக்கு?"

"அதெல்லாம் சொல்ல மாட்டேன்." வைத்துவிட்டார்.

மறுநாள் கரடிக்கு டப்பிங். பேசுகிற அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் விதி. அதை எழுதிச் சுவரில் ஒட்டியவரே கால்குலேட்டர்தான். அன்று அவர் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார், காது வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். காலையில் ஒரு முறை அடித்தது, தவறான எண். கரடி வசனத்தை விட்ட இடத்திலிருந்து பிடித்தது. பதினோரு மணிக்கு ஒரு முறை, கேஸ் கம்பெனி. கரடி கொஞ்சம் கோபமாகவே பேசியது. மதியம் ஒன்றுமே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அவர் போனில் சிக்னல் இருக்கிறதா என்று என்னிடம் மூன்று முறை காட்டினார்.

நாலு மணிக்கு, கரடி தேன் கூட்டைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டுகிற நீளமான வசனத்தின் நடுவில், மூன்றாவது முறையாக அடித்தது. எண்ணைப் பார்த்த கரடி, ஹெட்போனைக்கூடக் கழற்றாமல், ஒயரைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடியது.